மாதிரி ரயில் டெக்கால்: குறையைப் பார்த்துப் பிழையைக் கண்டறியும் வழிமுறை

பெட்டியின் உடலை ஒட்டி, வண்ணம் அடித்து, சக்கரத்தையும் பூட்டிய பிறகு மாதிரி ரயிலுக்கு மிஞ்சியிருப்பவை எண்ணும் எழுத்தும் பட்டைக் கோடும்தான். எச்.ஓ. எனப்படும் 1:87 அளவில் இந்திய ரயில்களைச் செய்பவர்கள் இவற்றைத் தாமே வரைந்து அச்சிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெற்கு ரயில்வேயின் ஒரு குறிப்பிட்ட பெட்டிக்கு உரிய எண்ணோ, ராயபுரம் லோகோ ஷெட்டின் பெயரோ ஆயத்த டெக்காலாக, அதாவது பெட்டியின் மேல் ஒட்டும் மெல்லிய படல அச்சாக, கடையில் கிடைப்பது அரிது. இலவச மென்பொருளான இன்க்ஸ்கேப்பில் வரைந்து, வாட்டர்ஸ்லைடு டெக்கால் தாளில் அச்சிட்டு, தண்ணீரில் நனைத்து ஒட்டுவதை வைத்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன். கோரல்டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வரைபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

எந்தக் குறையைக் கண்டாலும், அது வரைவதில் நேர்ந்ததா, அச்சிடுவதில் நேர்ந்ததா, ஒட்டுவதில் நேர்ந்ததா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒட்டும்போது கண்ணில் படும் குறைகளில் பல வரைபடத்திலேயே இருந்தவை. அதை உணராமல் அச்சுப்பொறியின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தால் விலை கூடிய தாள்தான் வீணாகும். ஆகவே ஒவ்வொரு டெக்கால் கோப்பின் ஓரத்திலும் ஒரு சோதனைப் பட்டையை நான் நிரந்தரமாக வைத்திருக்கிறேன். கிடையாக 100 மி.மீ. கோடு ஒன்று, நெடுக்காக 100 மி.மீ. கோடு ஒன்று, 0.1, 0.15, 0.2, 0.3 மி.மீ. தடிமனில் நான்கு கோடுகள், அந்தக் கோப்பிலேயே மிகச் சிறிய எழுத்தில் ஒரு சொல், ஒரு கருப்புச் சதுரம் ஆகியவை அதில் இருக்கும். முதல் அச்சு எப்போதும் சாதாரண வெள்ளைத் தாளில்தான். இனி வரும் குறைகளில் பாதியை அந்தத் தாளிலேயே பிடித்துவிடலாம்.

அச்சு அளவில் சிறுத்திருக்கிறது, அல்லது பெருத்திருக்கிறது

ஐ.சி.எஃப். எனப்படும் சென்னை இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி வடிவமைப்புப் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 245.3 மி.மீ. வரும். பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் ஓடும் பட்டைக் கோட்டை இந்த நீளத்தில் வரைந்திருக்கிறீர்கள். ஆனால் அச்சான கோடு பெட்டியின் ஒரு முனையை எட்டவில்லை. இப்போது உருக்கு ஸ்கேலால் சோதனைப் பட்டையின் கோட்டை அளந்து பாருங்கள். எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

97 மி.மீ. அல்லது அதற்குச் சற்று முன்பின் இருந்தால், அச்சிடும் உரையாடல் பெட்டியில் ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வாகி இருக்கிறது. அச்சுப்பொறியால் தொட முடியாத ஓரத்துக்கு இடம்விட்டு, பக்கம் முழுவதையும் அது சுருக்கியிருக்கிறது. ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது 100 சதவீதம் என்று மாற்றினால் சரியாகிவிடும். இன்க்ஸ்கேப்பிலிருந்து நேரடியாகவோ உலாவியிலிருந்தோ அச்சிடாமல், பிடிஎஃப் ஆக்கி அதிலிருந்து அச்சிடுவதே நம்பகமானது.

சுமார் 94 மி.மீ. என்றால் சற்று நிதானிக்க வேண்டும். இந்த அளவுக்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. முதலாவது தாள். வெளிநாட்டிலிருந்து வரும் டெக்கால் தாள்களில் சில ஏ4 அளவில் இல்லாமல், 216-க்கு 279 மி.மீ. கொண்ட லெட்டர் அளவில் இருக்கும். 297 மி.மீ. உயரமுள்ள ஏ4 பக்கத்தை அதில் பொருத்தச் சொன்னால் அச்சு 94 சதவீதமாகச் சுருங்கும். இரண்டாவது பழைய கோப்பு. இன்க்ஸ்கேப் 0.91 வரையிலான பதிப்புகள் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கிட்டன. 2017-இல் வந்த 0.92 பதிப்பிலிருந்து அது 96 ஆயிற்று. பழைய கோப்பைப் புதிய பதிப்பில் திறக்கும்போது, அது திரைக்காக வரைந்ததா, அச்சுக்காக வரைந்ததா என்று மென்பொருள் கேட்கும். அங்கே கவனிக்காமல் திரை என்று விடை கொடுத்தால் படம் 93.75 சதவீதமாகிவிடும், 245.3 மி.மீ. கோடு 230 மி.மீ. ஆகிவிடும். இரண்டு காரணங்களும் ஏறத்தாழ ஒரே அளவு பிழையையே தருவதால் அச்சை மட்டும் பார்த்து முடிவுகட்ட இயலாது. மென்பொருளிலேயே அந்தக் கோட்டைத் தேர்ந்து அகலத்தைப் படியுங்கள். அங்கே 100 என்று காட்டினால் பிழை அச்சில் இருக்கிறது, 93.75 என்று காட்டினால் கோப்பில் இருக்கிறது. இதை அறியாமல் தாள் அளவை மாற்றி மாற்றி மூன்று டெக்கால் தாள்களை நான் இழந்தேன்.

படம் முக்கால்வாசியாகச் சுருங்கியிருந்தால், அது இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்து எஸ்விஜியாகச் சேமித்த கோப்பாக இருக்கும். அந்த மென்பொருள் அங்குலத்துக்கு 72 என்று கணக்கிடுவதால், 96 என்று கணக்கிடும் இடத்தில் 75 சதவீதமாகத் திறக்கிறது. மாறாக 14 சதவீதம் பெருத்திருந்தால் கணக்கில் பிழை இல்லை, அளவு வகையில்தான் பிழை. பிரித்தானிய ஓ.ஓ. அளவு ஓர் அடிக்கு 4 மி.மீ.; எச்.ஓ. ஓர் அடிக்கு 3.5 மி.மீ. ஓ.ஓ. அளவுக்கு வரைந்த கோப்பை நண்பரிடமிருந்து வாங்கியிருந்தால், அதை 87.5 சதவீதமாகச் சுருக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

கிடைக்கோடு 100 மி.மீ., நெடுக்கோடு 99.5 மி.மீ. என்று வந்தால் அது தாளை இழுக்கும் உருளையின் இயல்பு. எண்ணுக்கும் எழுத்துக்கும் இது பொருட்டில்லை. ஆனால் பெட்டியின் நீளம் முழுவதும் ஓடும் பட்டையில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட பட்டைகளை இரு முனையிலும் 1 மி.மீ. நீட்டியே வரைந்து, ஒட்டும்போது வெட்டிக்கொள்வது நல்லது.

அளவு சரி, ஆனால் கோடுகள் மட்டும் தடித்துவிட்டன

பெரிதாக வரைந்து பின்னர் சுருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கே இது நேரும். இன்க்ஸ்கேப்பின் தேர்வுக் கருவிப் பட்டையில், பொருளோடு கோட்டின் தடிமனும் சேர்ந்து சுருங்க வேண்டுமா என்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. அது அழுத்தப்படாமல் இருந்தால் படம் சுருங்கும், கோடு சுருங்காது. இதன் உடன்பிறப்பாக இன்னொரு குறையும் உண்டு: 1 மி.மீ. கோட்டுடன் 20 மி.மீ. சதுரம் வரைந்தால் மென்பொருள் அதை 21 மி.மீ. என்று காட்டும், கோட்டின் பாதித் தடிமன் இரு புறமும் வெளியே நிற்பதையும் அது சேர்த்து அளப்பதே காரணம். விருப்ப அமைப்புகளில் ‘ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் வடிவத்தின் உண்மையான அளவு கிடைக்கும். மாதிரியின் அளவிலேயே, மில்லிமீட்டரிலேயே, தொடக்கத்திலிருந்து வரைவதே இரண்டுக்கும் நல்ல மருந்து.

தமிழ் எழுத்து சிதைந்திருக்கிறது

தமிழ்நாட்டு நிலையத்தின் பெயர்ப்பலகை தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மஞ்சள் பின்னணியில் கருப்பு எழுத்தாக இருக்கும். ரயிலின் பெயர்ப்பலகையிலும் தமிழ் வரும். எனவே தமிழை அச்சிடாமல் தமிழ்நாட்டு ரயில் தளம் நிறைவு பெறாது. இங்கே நேரும் குறைகளுக்கு வெளிநாட்டுக் கையேடுகளில் விடை கிடையாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எழுத்துகளுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குவியல் அச்சாகி இருந்தால், அந்தச் சொல் யூனிகோடில் இல்லாமல் பாமினி, டாம், டாப் போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. அச்சிடும் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. கட்டம் கட்டமாக வந்திருந்தால், சொல் யூனிகோடில்தான் இருக்கிறது, ஆனால் தமிழ் உள்ள எழுத்துரு அங்கே இல்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யெழுத்துக்குப் பின்னால் தள்ளி நின்றாலோ, ‘கொ’ பிளந்து நடுவில் புள்ளி வட்டம் தோன்றினாலோ, எழுத்துரு இருக்கிறது. தமிழைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் திறந்திருக்கிறார்கள். இன்க்ஸ்கேப் தமிழைச் சரியாகவே கோக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கு உரிய எழுத்தமைப்பைத் தனியே தேர்ந்திருக்க வேண்டும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டினால், சில மென்பொருள்கள் உயிர்க்குறியையும் மெய்யையும் தனித்தனி எழுத்தாக எண்ணிப் பிரித்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த நான்குக்கும் தீர்வு ஒன்றே: சொல் திரையில் சரியாகத் தெரியும்போதே அதைத் தேர்ந்து, ‘பாத்’ பட்டியலில் உள்ள ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளையால் வடிவமாக மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு அது எழுத்து அல்ல, வெறும் வளைகோடு. எந்தக் கணினிக்குப் போனாலும் மாறாது. ஆனால் பிறகு திருத்தவும் முடியாது. எனவே மாற்றுவதற்கு முன் ஒரு நகலைத் தனி லேயரில் மறைத்து வையுங்கள். என் பலகைகள் முதன்முறை அச்சகத்துக்குப் போனபோது இதைச் செய்யத் தவறினேன். ‘மயிலாடுதுறை’ என்ற பெயரில் ‘றை’யின் ஐகாரக்கொம்பு றகரத்துக்குப் பின்னால் போய் ஒட்டியிருந்தது. அச்சகத்தில் இருந்தவர் அதைக் கவனிக்கவில்லை. வாங்கும்போது நானும் கவனிக்கவில்லை. நடைமேடையில் நட்ட பிறகு வீட்டுக்கு வந்த என் மருமகள்தான் கண்டுபிடித்தாள்.

எழுத்து சரியாக அச்சாகியும் படிக்க முடியவில்லை என்றால், அது வடிவத் தேர்வின் பிழை. ‘திருச்சிராப்பள்ளி’ என்ற சொல்லில் மட்டும் மூன்று புள்ளிகள் இருக்கின்றன, எச்.ஓ. பலகையில் எழுத்து 3 மி.மீ. உயரம் இருந்தால் அவை பிழைத்துக்கொள்ளும். ‘என் ஸ்கேல்’ (N) எனப்படும் 1:160 அளவில் ஒரு புள்ளியின் விட்டம் 0.2 மி.மீ.க்கும் கீழே போய்விடும். 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 சிறுபுள்ளி இடும் அச்சுப்பொறியின் ஒரு சிறுபுள்ளி 0.042 மி.மீ. என்பதால், மெய்யெழுத்தின் புள்ளியை உருவாக்க அதற்கு நான்கைந்து சிறுபுள்ளிகளே கிடைக்கின்றன. அது மங்கும், அல்லது கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தடித்தும் மெலிந்தும் செல்லும் அலங்கார எழுத்துருவை விட்டு, ஒரே சீரான தடிமனுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். வடிவமாக மாற்றிய பின், புள்ளிகளை மட்டும் தேர்ந்து சற்றே பெரிதாக்கி, அரை முடியளவு மேலே தூக்கி வையுங்கள். ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் உட்சுழி அடைத்துக்கொண்டால் எழுத்தை அகலவாக்கில் 5 சதவீதம் விரிப்பது உதவும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இது இயல்பான எழுத்தாகத் தோன்றாது. ஓரடி தொலைவிலிருந்து பார்க்கும்போதுதான் சரியாக இருக்கும். அந்தத் தொலைவுக்காகத்தான் நாம் வரைகிறோம்.

நிலையப் பலகைக்கு டெக்கால் தாளே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல வழவழப்பான வெள்ளைத் தாளில் அச்சிட்டு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டினால் போதும்.

ஓரங்கள் கரடுமுரடாக உள்ளன, அல்லது எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரிகிறது

படிக்கட்டு போன்ற ஓரம் வந்தால், வளைகோடாக இருந்த படம் வழியில் எங்கோ பிக்சல் படமாக மாறியிருக்கிறது. 96 டிபிஐயில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்வது ஒரு காரணம். மங்கல், நிழல் போன்ற ஃபில்டரைச் சேர்த்திருப்பது இன்னொரு காரணம். பிடிஎஃப் ஆகும்போது அந்தப் பகுதியை மென்பொருள் பிக்சலாக்கிவிடும். ஃபில்டரை நீக்குங்கள். படமாகவே தர வேண்டிய கட்டாயம் இருந்தால் 600 டிபிஐக்குக் குறையாமல் ஏற்றுமதி செய்யுங்கள். ஓரம் படிக்கட்டாக இல்லாமல் நெளிந்து நெளிந்து இருந்தால், ஒளிப்படத்திலிருந்து ‘டிரேஸ் பிட்மேப்’ கட்டளையால் தானாக எடுத்த வடிவம் அது. ரயில்வே முத்திரை போன்றவற்றுக்கு அதைக் கீழே வழிகாட்டியாக மட்டும் வைத்து, மேலே வட்டங்களாலும் நேர்கோடுகளாலும் புதிதாக வரைவதே முறை. நேரம் பிடிக்கும், ஆனால் ஒருமுறை வரைந்தால் ஆயுளுக்கும் உதவும்.

கருப்பு எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசிந்தாற்போல் தெரிந்தால், அச்சுப்பொறி கருப்பு மையை மட்டும் பயன்படுத்தாமல் நான்கு வண்ணங்களைக் கலந்து கருப்பை உருவாக்கியிருக்கிறது. இன்க்ஸ்கேப் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றால் வண்ணத்தைக் குறிக்கும் ஆர்ஜிபி முறையில் இயங்குவதால், கலவையை அச்சுப்பொறியின் இயக்கியே முடிவு செய்கிறது. கருப்பு மட்டுமே உள்ள வேலைகளைத் தனித் தாளாகப் பிரித்து, கறுப்பு-வெள்ளை அமைப்பில் அச்சிட்டால் எழுத்து கத்தி போல வரும்.

வெளிர் வண்ணத்தில் உள்ள மெல்லிய கோடு புள்ளி புள்ளியாகச் சிதறினால் அச்சுப்பொறியைக் குறை சொல்வதற்கில்லை. நீலகிரி மலை ரயில் பெட்டிகளின் நீலத்தோடு சேரும் பாலாடை நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிறத்தில் மை அச்சுப்பொறியில் கிடையாது. வெள்ளைத் தாளில் மஞ்சள் புள்ளிகளை விலக்கித் தூவித்தான் அது அந்த நிறத்தைக் காட்டுகிறது. பரப்பு பெரிதாக இருந்தால் கண் ஏமாறும், 0.3 மி.மீ. கோட்டில் ஏமாறாது. அப்படிப்பட்ட கோட்டை அச்சிட முயலாமல், வெற்று வெள்ளை டெக்கால் தாளில் அந்த வண்ணத்தைத் தெளித்துக் காயவைத்து, ஸ்கேல் வைத்து மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டுவதே சரி.

வெள்ளை எழுத்து காணாமல் போயிற்று. மஞ்சள் எழுத்து பச்சையாகத் தெரிகிறது

புதிதாக வருபவர்களை அதிகம் வருத்துவது இந்தக் குறைதான். திரையில் நீலச் சதுரத்தின் மேல் மஞ்சள் எண் பளிச்சென்று இருந்தது. ஒளிபுகும் தாளில் அச்சிட்டபோதும், பின்னால் வெள்ளை அட்டை இருந்ததால் நன்றாகவே இருந்தது. தண்ணீரில் நனைத்து நீலப் பெட்டியின் மேல் வழுக்கி வைத்த கணத்தில் எண் அணைந்துவிட்டது. அருகில் குனிந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், ஐந்து இலக்கங்களும் பாசி படிந்தவை போன்ற மங்கிய பச்சையில் இருக்கின்றன. என் முதல் தூங்கும் வசதிப் பெட்டியில் கண்ட காட்சி இது.

இதில் பழுது எதுவும் இல்லை. மையின் இயல்பு அது. வீட்டு அச்சுப்பொறியின் மையும் டோனரும் ஒளி ஊடுருவக்கூடியவை; தாளின் வெண்மையைத் தம் வழியே காட்டித்தான் அவை வண்ணம் பெறுகின்றன. மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கும். நீலப் பூச்சு திருப்பி அனுப்புவதோ பெரும்பாலும் நீல ஒளியைத்தான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தால் கண்ணுக்கு வந்து சேர்வது எஞ்சிய சிறிதளவு பச்சை மட்டுமே. வெள்ளையின் கதை இன்னும் எளியது: வெள்ளை மை என்று ஒன்று அதில் இல்லை; வெள்ளை என்று வரைந்த இடத்தில் அச்சுப்பொறி ஒன்றும் இடாமல் விட்டுவிடுகிறது. ஆல்ப்ஸ் நிறுவனத்தின் மைக்ரோட்ரை அச்சுப்பொறிகளில் வெள்ளை நாடா இருந்தது. மாதிரி ரயில்காரர்கள் அவற்றைப் பொக்கிஷம் போல வைத்திருந்தார்கள். அவற்றின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன.

வழிகள் மூன்று. முதலாவதும் வீட்டிலேயே செய்யக்கூடியதும் வெள்ளை டெக்கால் தாள். எண்ணை அச்சிடாமல், எண்ணைச் சுற்றியுள்ள பெட்டியின் நீலத்தை அச்சிட வேண்டும். இன்க்ஸ்கேப்பில் நீலச் செவ்வகத்தை வரைந்து, அதன் மேல் வடிவமாக மாற்றிய எண்ணை வைத்து, வெள்ளை வேண்டுமானால் ‘டிஃபரன்ஸ்’ கட்டளையால் துளையிட்டுவிடுங்கள். மஞ்சள் வேண்டுமானால் அந்தத் துளையை மஞ்சளால் நிரப்புங்கள். இதன் வெற்றி முழுவதும் அச்சின் நீலம் பூச்சின் நீலத்தோடு ஒத்துப்போவதில் இருக்கிறது. திரையை நம்ப வேண்டாம். சிறிது சிறிதாக மாறும் பன்னிரண்டு நீலக் கட்டங்களை, ஒவ்வொன்றின் மேலும் அதன் ஆர்ஜிபி எண்களோடு, அதே வெள்ளை டெக்கால் தாளின் ஒரு மூலையில் அச்சிடுங்கள். அச்சின் மேல் அடிக்கப்போகும் வார்னிஷையும் அடித்து, காய்ந்த பிறகு பெட்டியின் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். வார்னிஷ் வண்ணத்தைச் சற்று ஆழமாக்கும் என்பதால் அதற்கு முன் ஒப்பிடுவது பயன் தராது. செவ்வகத்தை எழுத்தின் அளவுக்கு நறுக்காமல், ஒரு சன்னலின் கீழ்விளிம்பு முதல் அடுத்த பட்டை வரை என்று இயல்பான எல்லையில் நிறுத்தினால், சிறிய வண்ண வேறுபாடு கண்ணில் உறுத்தாது.

இரண்டாவது வழி, பட்டைக்கோடு, முத்திரை போன்ற எளிய வடிவங்களுக்கு மட்டும் உரியது. வெற்று வெள்ளை டெக்காலை அந்த வடிவத்தில் வெட்டி முதலில் ஒட்டி, அதன் மேல் ஒளிபுகும் தாளில் அச்சிட்ட வண்ணத்தை ஒட்டுவது. எண்களுக்கு இது நடவாது.

மூன்றாவது, வெள்ளை டோனர் உள்ள அச்சகத்தில் கொடுப்பது. எண்கள் நிறைந்த வேலைக்கு என் கணிப்பில் இதுவே சிறந்தது. கோப்பைத் தயாரிக்கும் முன், வெள்ளையை அவர்கள் எப்படி எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில இயந்திரங்களில் கருப்பு டோனர் இருக்கும் இடத்தில் வெள்ளையைப் பொருத்துவார்கள்; அங்கே வெள்ளை வர வேண்டிய இடங்களைக் கோப்பில் கருப்பாக வரைந்து கொடுக்க வேண்டும். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை வேண்டுமானால் வெள்ளை தனி லேயராக இருக்க வேண்டும். இரு லேயரும் இம்மி பிசகாமல் பொருந்துவது இயந்திரத்தால் ஆகாத காரியம்; வெள்ளை எழுத்து முழு அளவில் இருந்தால் மஞ்சளின் ஒரு பக்கத்தில் வெள்ளைக் கீற்று எட்டிப் பார்க்கும். ‘இன்செட்’ கட்டளையால் வெள்ளை வடிவத்தைச் சுற்றிலும் 0.1 மி.மீ. உள்ளிழுத்துவிட்டால் அந்தக் கீற்று மறையும்.

ஒட்டிய டெக்காலைச் சுற்றி வெள்ளைக் கோடு

வெள்ளைத் தாளை வெட்டும்போது அதன் வெட்டுமுகம் வெள்ளையாகவே இருக்கும். பின்னணி வண்ணத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 0.5 மி.மீ.யாவது நீட்டி வரைந்து, புதிய பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டி, தண்ணீரில் இடும் முன் பெட்டிக்கு அடித்த அதே பெயின்ட்டைத் தூரிகையால் விளிம்பில் தொட்டுவிட்டால் போதும்.

எண் தெளிவாக இருந்தும் பெட்டி பொருந்தாமல் தெரிகிறது

இது அச்சின் குறையன்று. இந்திய ரயில்பெட்டிகளின் ஐந்திலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பெட்டி கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும் வகைக்கு ஏற்ப ஒதுக்கிய வரிசையில் வரும். ஜெர்மானிய வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள் 2000-ஆம் ஆண்டில்தான் இந்தியாவுக்கு வந்தன. அத்தகைய பெட்டியில் 93 என்று தொடங்கும் எண்ணை இட்டால், விவரம் அறிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும். நீங்கள் செய்யும் பெட்டியின் காலத்து ஒளிப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள்.

தண்ணீரில் இட்டதும் மை கரைகிறது, டோனர் உதிர்கிறது, அல்லது படலமே துண்டுகளாகிறது

இன்க்ஜெட் மை தண்ணீரில் கரையும். அச்சு நன்கு காய்ந்த பிறகு தெளிவான அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகளாகத் தெளிக்க வேண்டும். முதல் பூச்சு பனி படிந்தாற்போல் மிக இலேசாக இருக்கட்டும்; நனையும் அளவுக்கு அடித்தால் வார்னிஷே மையைக் கரைத்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் காய்வதற்கு ஒரு நாளைக் கூடுதலாகக் கொடுங்கள்.

லேசர் டோனருக்குத் தண்ணீர் பகையன்று. ஆனால் தாளோடு சரியாக உருகிப் பிடிக்காவிட்டால் நகம் பட்டாலே செதில் செதிலாகப் பெயரும். அச்சுப்பொறியில் தாள் வகையைத் தடித்த தாள் என்று மாற்றினால் தாள் மெதுவாகச் சென்று கூடுதல் சூடு பெறும். இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: இன்க்ஜெட்டுக்கான டெக்கால் தாளை லேசர் அச்சுப்பொறியில் ஒருபோதும் செலுத்தாதீர்கள். அதன் படலம் சூட்டில் உருகி உருளையில் சுற்றிக்கொண்டால் அச்சுப்பொறியே பாழாகும். உறையிலிருந்து எடுத்த தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் வகையைக் குறித்து வைப்பது என் வழக்கம்.

படலம் தண்ணீரிலேயே துண்டுகளாகச் சிதறினால் தாள் பழையது. மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் ‘லிக்விட் டெக்கால் ஃபில்ம்’ ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நனைக்கும் முறையையும் கவனியுங்கள். இருபது முப்பது நொடி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்து, ஈரத் துணியின் மேல் ஒரு நிமிடம் விட்டுவிட வேண்டும். தானாகக் கழன்று மிதக்கும்வரை ஊறவிட்டால் பசை முழுவதும் தண்ணீரோடு போய்விடும். அந்த டெக்கால் ஒட்டினாலும் நிலைக்காது.

எழுத்தைச் சுற்றி வெள்ளி போல மினுங்கும் திட்டு

படலத்துக்கும் பெட்டிக்கும் இடையில் காற்று சிக்கியிருக்கிறது. மங்கல் பூச்சு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளம் நிறைந்தது. படலம் மேடுகளில் மட்டும் தங்கி, பள்ளங்களில் காற்றை விட்டுவிடுகிறது. ஒட்டப்போகும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்துக் காயவைக்க வேண்டும். பின்னர் மைக்ரோ செட் போன்ற, வினிகர் நெடியுள்ள திரவத்தைத் தடவி அதன் மேல் டெக்காலை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றியெடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பெட்டி முழுவதற்கும் மங்கல் வார்னிஷ் அடித்தால் படலத்தின் விளிம்பும் மறைந்துவிடும். ஏற்கெனவே ஒட்டிவிட்டதில் திட்டு இருந்தால், மெல்லிய ஊசியால் அங்கங்கே குத்தி படலத்தை இளக்கும் திரவமான மைக்ரோ சால் ஒரு துளி விடுங்கள். காற்று வெளியேறிப் படலம் படிந்துவிடும்.

வரைபடத்திலேயே இதைக் குறைக்கவும் இடம் உண்டு. ஒளிபுகும் படலத்தின் பரப்பு கூடக்கூட மினுங்கலும் கூடும். கோப்பிலேயே எழுத்துக்கு வெளியே 0.5 மி.மீ. தள்ளி மிக மெல்லிய வெளிர்சாம்பல் வெட்டுக்கோடு ஒன்றை வரைந்து வைத்து, அந்தக் கோட்டுக்கு உட்புறமாகவே வெட்டினால் மிஞ்சும் படலம் மிகக் குறைவு.

விலா எலும்புகளின் மேல் டெக்கால் கூடாரம் போல நிற்கிறது

ஐ.சி.எஃப்., எல்.எச்.பி. பெட்டிகளின் பக்கச்சுவர் சமதளம் என்பதால் அங்கே இது நேராது. பாக்ஸ்-என் சரக்கு வேகனின் வெளிப்புறத்தில் செங்குத்து விலாக்கள் வரிசையாக நிற்கின்றன. அகலமான டெக்கால் இரண்டு விலாக்களுக்கு இடையே தொங்கிவிடும். மைக்ரோ சால் தடவினால் படலம் இளகி, முதலில் சுருங்கி, பிறகு தானே படியும். சுருக்கத்தைக் கண்டு விரலால் தொட்டுவிடாதீர்கள், தொட்டால் கிழியும். வீட்டில் அக்ரிலிக் வார்னிஷ் அடித்த படலத்தில் இந்தத் திரவம் ஒவ்வொரு வார்னிஷுக்கும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும் என்பதால், வேகனில் இடும் முன் சோதனைப் பட்டையில் மீந்த துண்டை ஒரு பழைய வேகனில் ஒட்டிச் சோதியுங்கள்.

திரவத்தால் முடியாத அளவுக்கு விலா உயரமாக இருந்தால் மீண்டும் வரைபடத்துக்கே திரும்ப வேண்டும். வேகனின் பக்கத்தை ஸ்கேன் செய்து கீழ் லேயராக வைத்து, விலாக்களின் இடங்களில் வழிகாட்டிக் கோடுகளை இட்டு, எழுத்துகளை ஒவ்வொரு பலகத்துக்குள்ளும் தனித்தனித் தொகுதியாக நகர்த்திவிடுங்கள். உண்மை வேகனிலும் பெயின்டர் அப்படித்தான் விலாவைத் தவிர்த்து எழுதியிருப்பார். ஒவ்வொரு தொகுதிக்கும் கோப்பிலேயே ஒரு சிறு எண்ணைக் கொடுத்து வையுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தில் ஆறு துண்டுகள் ஒன்றாகக் கிடக்கும்போது எது எந்தப் பலகத்துக்கு உரியது என்று தேட வேண்டியிராது.